பெஞ்சில் ஏழும் ஒன்றும்: 2023 ரக்பி உலகக் கோப்பை இறுதிக்கான அணித் தேர்வு, ஒரு நிகழ்வு ஆய்வு

2023 ரக்பி உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்குத் தென்னாப்பிரிக்கா தன் 23 பேரை அறிவித்தபோது, பேச்செல்லாம் முதல் பதினைந்து பேரைவிட பெஞ்சில் உட்காரப்போகிற எட்டுப் பேரைப் பற்றித்தான் இருந்தது. டியோன் ஃபூரி, ஆக்ஸ் ந்சே, ட்ரெவர் ந்யகானே, ஜான் க்ளைன், ஆர்.ஜி. ஸ்னைமன், க்வாகா ஸ்மித், யாஸ்பர் வீஸ, வில்லி ல ரூ. இதில் ஏழு பேர் ஃபார்வர்டுகள், முட்டித் தள்ளும் முன்னணி ஆட்கள். கடைசிப் பெயர் மட்டும்தான் பேக், பின்னால் நின்று ஓடி உதைப்பவர்.

ரக்பி பார்ப்பவர்களுக்கு இந்த 7-1 கணக்கு அதிர்ச்சியாக இருந்தது. பேக்குகள் நிற்கும் பின்வரிசையில் இரண்டு பேருக்கு அடிபட்டால் என்ன செய்வார்கள்? ஃபார்வர்டுகளிடமிருந்து பந்தை எடுத்துப் பேக்குகளுக்கு அனுப்பும் ஸ்க்ரம்-ஹாஃப் ஃபாஃப் டி க்ளெர்க்குக்குக் கால் பிசகினால் அந்த இடத்துக்கு யார்? போட்டி முடிந்து தென்னாப்பிரிக்கா நியூசிலாந்தை 12-11 என்று ஜெயித்ததும் கேள்விகள் அடங்கின. துணிச்சலான தேர்வு, அது பலித்தது என்று கதை எழுதப்பட்டுவிட்டது.

எனக்கு அந்தக் கதையில் உடன்பாடு இல்லை. தேர்வு துணிச்சலானதுதான், ஆனால் ஆபத்து எல்லோரும் விரல் நீட்டிய இடத்தில் இருக்கவில்லை. அது ஒன்றரை மாதத்துக்கு முன்னாலேயே, வேறொரு முடிவில், வேறொரு இடத்தில் உருவாகியிருந்தது. இறுதிப் போட்டியின் மூன்றாவது நிமிடத்தில் அது வெளியே வந்தது.

ஐந்து இடங்களின் கணக்கு

ரக்பி யூனியனில் களத்தில் ஓர் அணிக்கு 15 பேர். எட்டுப் பேர் ஃபார்வர்டுகள், ஏழு பேர் பேக்குகள். ஸ்க்ரமில் தோளோடு தோள் முட்டித் தள்ளுவதும், பந்து பக்கக்கோட்டுக்கு வெளியே போனபின் நடக்கும் லைன்-அவுட்டில் எகிறிப் பந்தைப் பிடிப்பதும், தரையில் கிடக்கும் பந்துக்கு ரக்கில் மல்லுக்கட்டுவதும் ஃபார்வர்டுகளின் வேலை. ஓடுவதும் உதைப்பதும் பெரும்பாலும் பேக்குகளுடையது.

சர்வதேசப் போட்டியில் எட்டு மாற்று ஆட்டக்காரர்கள். அந்த எட்டிலும் பயிற்சியாளருக்கு முழுச் சுதந்திரம் கிடையாது. ஸ்க்ரமின் முன்வரிசையில் நிற்கும் மூன்று பேருக்கும், அதாவது இரண்டு ப்ராப்புகளுக்கும் நடுவில் நிற்கும் ஹூக்கருக்கும், தனித்தனியே மாற்று ஆள் இருந்தாக வேண்டும். முன்வரிசையில் பழக்கமில்லாதவர் நின்றால் கழுத்து முறியும் அபாயம் உண்டு என்பதால் இந்த விதியில் விட்டுக்கொடுத்தலே இல்லை. ஆக மூன்று இடம் ஏற்கெனவே போய்விட்டது. மீதி ஐந்து இடங்களில்தான் பயிற்சியாளரின் மூளை தெரியும். வழக்கமாக ஸ்க்ரமின் இரண்டாம் வரிசையில் நிற்கும் ஒரு லாக், அதன் கடைசி வரிசையில் நிற்கும் ஒரு ஃபார்வர்டு, ஒரு ஸ்க்ரம்-ஹாஃப், ஆட்டத்தை நடத்தி உதைக்கும் ஒரு ஃப்ளை-ஹாஃப், வெளிப்பக்கம் ஆடும் ஒரு பேக் என்று பிரிப்பார்கள். இதுதான் 5-3. அந்த இறுதியில் நியூசிலாந்து பயிற்சியாளர் இயன் ஃபாஸ்டர் இப்படித்தான் பிரித்திருந்தார். அரையிறுதியில் ஆடிய முதல் பதினைந்தில் அவர் செய்த மாற்றமும் ஒன்றே ஒன்று: சாம் வைட்லாக் பெஞ்சுக்கு, பிராடி ரெட்டாலிக் களத்துக்கு.

தென்னாப்பிரிக்கா இந்தப் பழக்கத்தை 2019 உலகக் கோப்பையிலேயே உடைத்திருந்தது. ராசி எராஸ்மஸ் தலைமைப் பயிற்சியாளராக இருந்த அந்தத் தொடரின் நாக்-அவுட் ஆட்டங்களில் 6-2 என்று போனார்கள். பெஞ்சிலிருந்து வரும் ஃபார்வர்டு கூட்டத்துக்கு 'பாம் ஸ்க்வாட்' என்று பெயரே வந்துவிட்டது. யோகோஹாமாவில் நடந்த இறுதியில் இங்கிலாந்தை 32-12 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்திலும் ஒரு மூன்றாவது நிமிடம் உண்டு. இங்கிலாந்தின் ப்ராப் கைல் சின்க்லர் அப்போதே அடிபட்டு வெளியேற, மிச்ச ஆட்டம் முழுவதும் டான் கோல் ஒருவரே தாங்க வேண்டியதாயிற்று. ஸ்க்ரமுக்கு ஸ்க்ரம் இங்கிலாந்து நொறுங்கியது. முன்வரிசையில் மாற்றுக்கு மாற்று இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை அன்று எதிர்முனையில் நின்று பார்த்தவர்கள் தென்னாப்பிரிக்கர்கள். இதை நினைவில் வைத்துக்கொண்டு 2023-க்கு வருவோம்.

தற்செயலாய்ப் பிறந்த 7-1

7-1 ஏதோ அறையில் உட்கார்ந்து தீட்டிய திட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. முதல் முறை அது கிட்டத்தட்ட விபத்து. 2023 ஆகஸ்ட் 25-ம் தேதி, உலகக் கோப்பைக்கு முந்தைய கடைசிப் பயிற்சி ஆட்டம், லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானம், எதிரணி நியூசிலாந்து. பெஞ்சில் இருக்க வேண்டிய வில்லி ல ரூ கடைசி நேரத்தில் விலக, அவருக்குப் பதில் இன்னொரு பேக்கை எடுக்காமல் க்வாகா ஸ்மித்தைச் சேர்த்தார்கள். ஆறு ஏழாயிற்று, இரண்டு ஒன்றாயிற்று. முடிவு 35-7. நியூசிலாந்தின் ரக்பி வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய தோல்வி கிடையாது.

அந்த ஆட்டத்தில் நியூசிலாந்தின் ஸ்காட் பேரட் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி முதல் பாதியிலேயே வெளியேற்றப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாம் பாதி முழுவதும் 14 பேருக்கு எதிராக ஏழு புது ஃபார்வர்டுகளை இறக்கினால் ஸ்கோர் எப்படி இருக்கும்? ஒரு யோசனை நல்லதா என்று சோதிக்க இதைவிடச் சாதகமான ஆய்வுக்கூடம் கிடைக்காது. ஆனால் ஜெயித்த ஆட்டத்தை யாரும் அப்படி அலசுவதில்லை.

மார்க்ஸ் போனார், போலார்ட் வந்தார்

உலகக் கோப்பைக்கு ஓர் அணி 33 பேரைக் கொண்டுபோகலாம். தென்னாப்பிரிக்கா நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்களை எடுத்துக்கொண்டது. முழுநேர ஃப்ளை-ஹாஃப் என்று சொல்ல மானி லிபோக் மட்டும்தான். 2019 இறுதியின் நாயகர்களில் ஒருவரான ஹான்ட்ரே போலார்ட் காயத்தால் பட்டியலில் இல்லை. ஹூக்கர்களில் மால்கம் மார்க்ஸ், போங்கி ம்போனாம்பி என்று உலகத் தரத்தில் இரண்டு பேர்.

செப்டம்பர் 10-ல் ஸ்காட்லாந்தை 18-3 என்று வென்ற பிறகு, பயிற்சியில் மார்க்ஸுக்கு முழங்காலில் அடிபட்டது. தொடரே முடிந்தது. ஹூக்கருக்குப் பதில் ஹூக்கர் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பயிற்சியாளர் ஜாக் நீனாபரும் அணியின் ரக்பி இயக்குநராக இருந்த எராஸ்மஸும் அந்த இடத்துக்குப் போலார்டை அழைத்தார்கள். அதாவது முன்வரிசையில் ஒரு நிபுணரைக் குறைத்து, பின்வரிசையில் ஓர் உதைப்பாளரைக் கூட்டினார்கள்.

என்னைக் கேட்டால் இறுதிப் போட்டிக்கான அணி அன்றைக்கே பாதி தேர்வாகிவிட்டது.

ஹூக்கர் என்பது வெறும் ஸ்க்ரம் வேலை அல்ல. லைன்-அவுட்டில் பந்தை எறிவது அவர்தான். இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க ஒருவர் காற்றில் எகிறி நிற்கும் அரை நொடிக்குள், அவர் விரல் நுனிக்குப் பந்து போய்ச் சேர வேண்டும். பல வருடப் பழக்கம் தேவைப்படும் கைத்தொழில் இது. ம்போனாம்பிக்கு மாற்றாக இருந்தவர் டியோன் ஃபூரி. 2022-ல் வேல்ஸுக்கு எதிராகத் தன் 35-வது வயதில் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியவர். அந்த வயதில் தென்னாப்பிரிக்காவுக்கு அறிமுகமானவர் அவருக்கு முன் யாருமில்லை. கிளப் ரக்பியில் நெடுங்காலம் ஹூக்கராக இருந்தவர்தான், ஆனால் கடைசிக் காலங்களில் ஸ்க்ரமின் ஓரத்தில் நிற்கும் ஃப்ளாங்கராக மாறிவிட்டார். மூன்றாவது ஏற்பாடாக இன்னொரு ஃப்ளாங்கர் மார்கோ வான் ஸ்டாடனைத் தயார் செய்தார்கள்.

இந்த முடிவு தவறு என்று நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் நடந்ததைப் பார்த்தால் அது சரி என்றுதான் தோன்றும். செப்டம்பர் 23, எதிரணி அயர்லாந்து. தென்னாப்பிரிக்கா மறுபடியும் 7-1. பெஞ்சில் இருந்த ஒரே பேக் கோபஸ் ரைனாக், அவரும் ஸ்க்ரம்-ஹாஃப். ஃபார்வர்டுகள் பலம் காட்டினார்கள், ஆட்டம் பிடியில்தான் இருந்தது. ஆனால் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போகவில்லை. லிபோக்கும் டி க்ளெர்க்கும் சேர்ந்து பதினோரு புள்ளிகளைக் கோட்டைவிட்டார்கள். ஸ்கோர் 8-13. ஐந்து புள்ளியில் தோல்வி.

இங்கேதான் 7-1-இன் முதல் உண்மையான பலவீனம் தெரிந்தது. பின்வரிசையில் யாருக்கும் பெரிதாக அடிபடவில்லை, ஆள் பற்றாக்குறையும் இல்லை. தகராறு வேறு: ஒருவருக்கு அன்றைய நாள் சரியில்லை என்றால் அவரை மாற்ற வழியில்லை. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளருக்கு அடி விழுந்தால் பந்தை இன்னொருவரிடம் கொடுக்கலாம். 7-1-இல் அந்தச் சொகுசு பேக்குகளுக்குக் கிடையாது. அக்டோபர் 1-ல் டோங்காவுக்கு எதிராகப் போலார்ட் களமிறங்கியதும் தென்னாப்பிரிக்க ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இதுதான்.

இரண்டு ஒரு-புள்ளி வெற்றிகள்

நாக்-அவுட்டில் நீனாபர் 5-3-க்குத் திரும்பினார். காலிறுதியில் பிரான்ஸை 29-28. அரையிறுதியில் இங்கிலாந்தை 16-15.

அரையிறுதியைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். ஈரமான இரவு, தென்னாப்பிரிக்காவுக்கு எதுவும் கைகூடவில்லை. 31-வது நிமிடத்தில் லிபோக்கை வெளியே எடுத்துப் போலார்டை இறக்கினார்கள். காயமில்லாத ஃப்ளை-ஹாஃபை அரை மணி நேரத்தில் எடுப்பது ஆட்டக்காரருக்குக் கொடுமை, ஆனால் அன்று அது தேவைப்பட்டது. கடைசி நிமிடங்களில் பெஞ்சிலிருந்து வந்த ந்சே ஸ்க்ரமில் தள்ளிப் பெற்ற பெனால்டியை, பெஞ்சிலிருந்து வந்த போலார்ட் கிட்டத்தட்ட பாதி மைதானத்திலிருந்து உதைத்து ஜெயிக்க வைத்தார். எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்து அணியின் ஒற்றை ட்ரை போட்டவரும் பெஞ்சிலிருந்து வந்த ஸ்னைமன்தான். ஆக அந்த வெற்றியில் பெஞ்ச் ஃபார்வர்டுகளுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு பெஞ்சில் ஒரு ஃப்ளை-ஹாஃப் இருந்ததற்கும் உண்டு. 5-3 இல்லாவிட்டால் போலார்ட் வந்திருக்கவே முடியாது.

இப்படி ஓர் ஆட்டத்தை 5-3-இல் வென்ற ஏழாவது நாள், அதே பயிற்சியாளர் 7-1-க்குப் போகிறார். ஏன்?

எனக்குத் தெரிகிற காரணங்கள் மூன்று, மூன்றும் ஒரே எடை கொண்டவை அல்ல. நியூசிலாந்து தன் அரையிறுதியை ஒரு நாள் முன்னதாக ஆடி, அர்ஜென்டினாவை 44-6 என்று ஊதித் தள்ளியிருந்தது. தென்னாப்பிரிக்கா இரண்டு வாரம் தொடர்ந்து கடைசி நிமிடம் வரை மல்லுக்கட்டி வந்திருந்தது. களைப்பு முதலில் ஃபார்வர்டுகளின் காலில்தான் தெரியும். நீனாபர் பயிற்சியாளராகும் முன் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர் என்பதை இங்கே மறக்கக் கூடாது. ஆட்டக்காரர்களைத் தசையும் மூட்டுமாகப் பார்க்கும் கண் அவருக்கு. இது பலமான காரணம். ட்விக்கன்ஹாம் நினைவு இரண்டாவது காரணம். அது பலவீனமானது, ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

மூன்றாவதுதான் எனக்குச் சுவாரசியம். அந்தப் பதினைந்தில் ஒரே இடம் மட்டும் ஆடத் தெரிந்த பேக்குகள் குறைவு. முழுப் பின்காவலராக நின்ற டேமியன் வில்லம்ஸ ஃப்ளை-ஹாஃபும் ஆடுவார், உள் சென்டரும் ஆடுவார். செஸ்லின் கோல்பி விங்கும் பின்காவலும். பெஞ்சில் இருந்த ல ரூ பின்காவல், தேவைப்பட்டால் ஃப்ளை-ஹாஃப். அப்புறம் க்வாகா ஸ்மித். பெயருக்கு ஃபார்வர்டு, ஆனால் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ரக்பியில் வளர்ந்தவர், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அணியில் இருந்தவர். அவரைப் பின்வரிசையில் ஓடவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அறிவிப்பில் 7-1 என்று இருந்தது களத்தில் ஆறரைக்கு ஒன்றரைதான். லிபோக், ரைனாக் இருவரும் பட்டியலிலேயே இல்லை; போலார்டும் டி க்ளெர்க்கும் தொடக்கத்திலேயே ஆட, அரையிறுதியில் ஏற்பட்ட உதைப்பாளர் பிரச்சினையும் முன்கூட்டியே தீர்க்கப்பட்டிருந்தது.

ஸ்க்ரம்-ஹாஃப் இடத்துக்கு மட்டும் நிஜமான மாற்று இல்லை. நான்கு ஸ்க்ரம்-ஹாஃப்களைத் தொடருக்குக் கூட்டிவந்த அணி, இறுதியில் ஒருவரோடு நின்றது. இதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

பின்வரிசையைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் முன்வரிசைக்கு என்ன வைத்திருந்தார்கள்? ஹூக்கர் ம்போனாம்பி, மாற்று ஃபூரி. வான் ஸ்டாடன் அன்றைய 23-இல் இல்லை. பெஞ்சில் ஏழு ஃபார்வர்டுகள் இருந்தும் மூன்றாவதாக ஹூக்கர் வேலைக்குத் தயார் செய்யப்பட்டவர் வெளியே. அந்த வாரம் ம்போனாம்பி ஆடுவாரா என்பதே சில நாள் சந்தேகத்தில் இருந்தது. அரையிறுதியில் அவர் எதிரணி வீரர் ஒருவரை இனவெறிச் சொல்லால் திட்டியதாக எழுந்த ஒரு புகாரை உலக ரக்பி அமைப்பு விசாரித்து, போதிய ஆதாரம் இல்லை என்று இறுதிக்கு முன் முடித்து வைத்தது. அதற்குப் பிறகும் ஏற்பாடு மாறவில்லை.

மூன்றாவது நிமிடம்

ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில், ரக்கில் கிடந்த ம்போனாம்பியின் காலில் நியூசிலாந்தின் ஷானன் ஃப்ரிசல் விழுந்தார். ஃப்ரிசலுக்கு மஞ்சள் அட்டை. ம்போனாம்பிக்கு முழங்கால் போயிற்று, ஆட்டம் முடிந்தது. 37 வயது ஃபூரி இறங்கினார், மிச்சம் 77 நிமிடம்.

இனி ஃபூரிக்கும் அடிபட்டால்? விதி தெளிவானது. முன்வரிசைக்குத் தகுந்த ஆள் இல்லையென்றால் ஸ்க்ரமில் யாரும் தள்ளக் கூடாது, சும்மா கூடிப் பிரிய வேண்டியதுதான். அதோடு, யார் வெளியேறியதால் அந்த நிலை வந்ததோ அவருக்கு மாற்றும் கிடையாது. அணி 14 பேரோடு ஆட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் மொத்தத் தேர்வும் ஸ்க்ரமை நம்பி எழுப்பப்பட்டது. ஃபூரியின் ஒரு கணுக்கால் பிசகினால் ஏழு ஃபார்வர்டு திட்டத்தின் பாதி அர்த்தம் அந்த நொடியில் காணாமல் போயிருக்கும்.

ஃபூரி தாங்கினார். ஓடி ஓடித் தடுத்தார், ரக்குகளில் தொல்லை கொடுத்தார். ஃப்ளாங்கராக அவர் அபாரம். லைன்-அவுட்தான் ஆட்டம் கண்டது. எறிந்த பந்துகள் நியூசிலாந்து கைக்குப் போயின, தாக்குதல் தொடங்கும் முன்னாலேயே செத்தது. இதை அவர் குறையாகச் சொல்வது அநியாயம். செப்டம்பரில் எடுத்த முடிவின் விலை அது.

மறுபக்கம் நியூசிலாந்துக்கு இன்னும் பெரிய அடி. கேப்டன் சாம் கேன் உயரமாகத் தடுத்ததற்குப் பெற்ற மஞ்சள் அட்டை சிவப்பாக உயர்த்தப்பட்டது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் சிவப்பு அட்டை அதற்கு முன் யாருக்கும் விழுந்ததில்லை. சுமார் ஐம்பது நிமிடம் 14 பேரோடு ஆடினார்கள். மழை ஈரம் வேறு.

சரி, அந்த ஏழு ஃபார்வர்டுகள் என்ன செய்தார்கள்? ஸ்கோரைப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் பன்னிரண்டு புள்ளிகளும் போலார்டின் நான்கு பெனால்டிகள், நான்கும் முதல் பாதியில். இடைவேளையில் 12-6. இரண்டாம் பாதியில், புதுக் கால்களோடு ஃபார்வர்டுகள் இறங்கி, எதிரணியில் ஓர் ஆள் குறைவாக இருந்தும், தென்னாப்பிரிக்கா ஒரு புள்ளி கூட எடுக்கவில்லை. நியூசிலாந்து ஒரு ட்ரை போட்டது, பியூடன் பேரட் 58-வது நிமிடத்தில். ட்ரைக்குப் பின் கிடைக்கும் கூடுதல் உதையான கன்வர்ஷன் தவறியது. 73-வது நிமிடத்தில் கோல்பி மஞ்சள் அட்டை வாங்கி வெளியேற, அப்போது கிடைத்த பெனால்டியை ஜோர்டி பேரட் உதைத்தார். அது கம்பத்துக்கு வெளியே போயிற்று. உள்ளே போயிருந்தால் இந்தக் கட்டுரையின் தொனியே மாறியிருக்கும், நிறையப் பேர் 7-1-ஐ முட்டாள்தனம் என்று எழுதியிருப்பார்கள். அணித் தேர்வில் எதுவும் மாறியிருக்காது.

பெஞ்ச் பயனற்றது என்பதல்ல என் வாதம். தாக்குவதற்கு என்று பேசப்பட்ட கூட்டம் அன்று தடுக்கத்தான் உதவியது. ஆட்ட நாயகன் பீட்டர்-ஸ்டெஃப் டு டாய்ட் 28 முறை எதிராளியை வீழ்த்தினார், அவர் பெஞ்சிலிருந்து வந்தவர் அல்ல. அவரைப் போன்றவர்கள் களைத்த நேரத்தில் பக்கத்தில் புது ஆட்கள் நின்றது கோட்டைக் காத்தது என்று சொல்லலாம். நியூசிலாந்தை நசுக்கியது என்று சொல்ல முடியாது. எல்லோரும் பயந்த ஸ்க்ரம்-ஹாஃப் இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. டி க்ளெர்க் கடைசி விசில் வரை ஆடினார்.

டப்ளினில் ஒரு நகல்

அதன் பிறகு இந்த முறையைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள், காயத்துக்கு என்று உள்ள பெஞ்சைத் தந்திரத்துக்குப் பயன்படுத்துவதாகக் குறை சொன்னார்கள். விதி மாறும் என்றார்கள். விதி இருக்கட்டும், மற்ற அணிகள் எடுத்துக்கொண்டன. 2025 மார்ச் 8-ல் சிக்ஸ் நேஷன்ஸ் தொடரில், டப்ளினில் அயர்லாந்துக்கு எதிராக ஃபேபியன் கால்தியேவின் பிரான்ஸ் அணி 7-1-இல் இறங்கியது. பெஞ்சில் இருந்த ஒரே பேக் ஸ்க்ரம்-ஹாஃப் மாக்சிம் லூக்கு.

2023-இல் எல்லோரும் பயந்தது அன்று அப்படியே நடந்தது. உலகின் தலைசிறந்த ஸ்க்ரம்-ஹாஃப் அந்துவான் டூப்போன் முதல் பாதியிலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறினார், லூக்கு உள்ளே. சென்டர் பியர்-லூயி பராசியும் போக, பெஞ்சில் பேக் யாரும் மிச்சமில்லை. ஃப்ளாங்கர் ஓஸ்கார் ஜெகூ சென்டராக நின்றார். நின்றது மட்டுமல்ல, ஒரு ட்ரையும் போட்டார். பிரான்ஸ் 42-27 என்று ஜெயித்தது. க்வாகா ஸ்மித்தை மனதில் வைத்து நீனாபர் போட்ட கணக்கை, ஜெகூவை வைத்துக் கால்தியே களத்திலேயே தீர்த்துக் காட்டினார்.

அந்த பிரெஞ்சு 23-இல் ஹூக்கர்கள் இரண்டு பேர். பியாட்டோ மௌவாகா, ஜூலியன் மார்ஷாந்த். இரண்டு பேருக்கும் பிழைப்பே அதுதான்.